செம்பட்டை, மருதோன்றி, சாயம்: திருகோணமலைத் துறைமுகத்தில் தலைமுடி நிறத்தின் கதை

"வீட்டுல போடலாமா, சலூனுக்குத்தான் போகணுமா?" கறுத்த தலைமுடியைப் பழுப்பாகவோ பொன்னிறமாகவோ வெளிறச் செய்ய விரும்பும் இளையோர் இன்று திருமலையில் இப்படிக் கேட்கிறார்கள். பெருநாள் நெருங்கும்போதும் கலியாணம் நிச்சயமானதும் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு எழுகிறது. பெரியவர்கள் பலர் "இதெல்லாம் இப்பத்தைய புள்ளைகள்ட கூத்து" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். கூத்து அவ்வளவு புதியதல்ல. கொட்டியாரக் குடாவைச் சுற்றி வாழும் நம்மவர்களின் தலைமுடி கறுப்பைத் தவிர வேறு நிறங்களையும் நெடுங்காலமாகக் கண்டிருக்கிறது. அந்த நிறங்கள் மூன்று வழிகளில் வந்தன: கடலால், இலையால், இரசாயனத்தால். முதலாவதை யாரும் விரும்பவில்லை. இரண்டாவதை மார்க்கத்தோடு சேர்த்து மதித்தோம். மூன்றாவதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இந்த மூன்றையும் வரிசையாகப் பார்த்தால், வீடா சலூனா என்ற கேள்விக்கு நிதானமான ஒரு விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

கடல் தந்த நிறம்

கிண்ணியாவிலும் மூதூரிலும் கரைவலை இழுப்பவர்கள், தோணியில் போகிறவர்கள், நாள் முழுவதும் கடலில் கிடக்கும் சிறுவர்கள் ஆகியோரின் தலையைப் பார்த்தவர்களுக்கு செம்பட்டை என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. அடிமுடி கறுப்பாக இருக்கும். நுனிக்குப் போகப் போகச் சிவந்து, சிலருக்குத் தும்புபோல மஞ்சள் பாய்ந்திருக்கும். அவர்கள் எதையும் பூசவில்லை. வெயிலும் உப்புத்தண்ணீரும் செய்த வேலை அது.

முடிக்குக் கறுப்பைக் கொடுப்பது மெலனின் என்ற நிறப்பொருள். மயிரிழையின் வெளிப்புறத்தில் மீன் செதில்போல அடுக்கடுக்காக ஓர் உறை உண்டு. மெலனின் அதற்கு உள்ளே இருக்கிறது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் அந்த மெலனினைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கின்றன. உப்புத்தண்ணீர் முடியின் எண்ணெய்ப் பசையைக் கழுவி, செதில்களைச் சொரசொரப்பாக்குகிறது. கறுப்பு குறையும்போது முதலில் வெளிப்படுவது சிவப்பு. அதனால்தான் நம்முடைய சொல் 'செம்பட்டை' என்று சிவப்பில் தொடங்குகிறது. சலூனில் ஒரு மணித்தியாலத்தில் நடப்பதையே கடல் பல மாதங்களில் செய்கிறது என்று இப்போதைக்கு மனதில் வைத்துக்கொள்வோம்.

இந்த நிறத்துக்கு ஊரில் மதிப்பு இருக்கவில்லை. "தலைக்கு எண்ணெ வெக்கிறதுக்கும் ஆளில்லாத புள்ள மாதிரி" என்று செம்பட்டைத் தலையோடு வரும் பிள்ளையைப் பார்த்து மூத்தம்மாமார் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் மினுங்கும் கறுத்த தலை, கவனிக்க வீட்டில் ஆளுண்டு என்பதற்கு அடையாளம். செம்பட்டை உழைப்பின் அடையாளம், வறுமையின் அடையாளம். பெண் பார்க்கப் போகும் இடத்தில் அது ஒரு குறை.

அந்த ஏளனத்துக்குப் பின்னால் கசப்பான உண்மையொன்றும் இருந்தது. பிள்ளையின் முடி மெலிந்து, சிவந்து, இலகுவில் கையோடு வந்துவிடுவது புரதக் குறைபாட்டு நோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். இன்றைய கானாவில், அப்போதைய கோல்ட் கோஸ்டில், பணிபுரிந்த வைத்தியர் சிசிலி வில்லியம்ஸ் 1930களில் இந்நோயை விவரித்து, அங்குள்ள மக்கள் வழங்கிய 'குவாஷியோர்கர்' என்ற பெயரையே மருத்துவ உலகுக்கு அறிமுகப்படுத்தினார். எல்லாச் செம்பட்டையும் பட்டினியால் வந்ததல்ல. ஆனால் பசித்த வருடங்களைக் கண்ட தலைமுறை முடியின் சிவப்பைப் பார்த்துப் பயந்ததில் நியாயம் இருந்தது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அதே நிறத்தை அழகென்று தேடிப் போகும்போது வீட்டில் எழும் முணுமுணுப்புக்கு இந்த நினைவும் ஒரு காரணம்.

இலை தந்த நிறம்

மருதோன்றியின் கதை வேறு. ஊர்ப் பேச்சில் அது மருதோண்டி. கிணற்றடியில், வேலியோரத்தில் நின்ற செடி. அதன் இலையைப் பறித்து அம்மியில் வைத்து அரைத்து, தேயிலைச் சாயமும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்து, சிலர் கராம்பும் போட்டு, சில மணித்தியாலம் ஊறவிட்டுத் தலையில் அப்புவார்கள். கலியாணத்துக்கும் பெருநாளுக்கும் கைக்கு வைப்பதும் அதே விழுதுதான்.

தலைக்கு மருதோன்றி வைப்பதை நம் மூத்தோர் வெறும் அலங்காரமாக எண்ணவில்லை. மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரழி) அவர்களின் தந்தை அபூகுஹாஃபா வெள்ளைவெளேரென்ற தலையோடும் தாடியோடும் கொண்டுவரப்பட்டதையும், அந்த நரையை ஏதேனும் ஒன்றால் மாற்றுமாறும் கறுப்பைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும் ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்திருக்கிறது. நரையை மாற்றச் சிறந்தவை மருதோன்றியும் கதமும் என்ற கருத்தில் அபூதர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதியிலும் அபூதாவூதிலும் உண்டு. கதம் என்பது கறுப்பை அண்டிய நிறம் தரும் ஒரு செடி. அபூபக்ர் (ரழி) இரண்டையும் கலந்து பாவித்தார்கள், உமர் (ரழி) தனி மருதோன்றியைப் பாவித்தார்கள் என்று அனஸ் (ரழி) சொல்கிறார். நபியவர்கள் தாமே சாயமிட்டார்களா என்பதில் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. சாயமிடும் அளவுக்கு அவர்களுக்கு நரை இருக்கவில்லை என்பது அனஸ் (ரழி) அவர்களின் கூற்று. உம்மு ஸலமா (ரழி) பாதுகாத்து வைத்திருந்த முடியில் சாயம் தெரிந்ததாக இன்னோர் அறிவிப்பு வருகிறது.

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி, நரைக்கு மஞ்சள் அல்லது சிவப்பு நிறமிடுவது ஆணுக்கும் பெண்ணுக்கும் விரும்பத்தக்கது என்றும், கறுப்புச் சாயம் கூடாது என்பதே சரியான கருத்து என்றும் எழுதினார். ஹனஃபி அறிஞர்களில் இமாம் அபூயூஸுஃப் கறுப்பில் தளர்வு காட்டியவர். நான் இங்கே ஃபத்வா சொல்ல வரவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்ந்த பெரியவர்கள் செந்தாடியோடு ஜும்ஆவுக்கு வந்ததற்கும், ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களின் தாடி சிவந்ததற்கும் பின்னால் இத்தனை நூற்றாண்டு எழுத்து உண்டு என்பதைக் காட்டவே சொல்கிறேன். ஒரே சிவப்புத்தான். மீன்பிடிக்கிற பையனின் தலையில் அது குறை. ஹாஜியாரின் தாடியில் அது கண்ணியம்.

இரண்டு சிவப்பும் உண்டாகும் விதம் வேறு. மருதோன்றி இலையில் லோசோன் என்ற செம்மஞ்சள் பொருள் இருக்கிறது. அது முடியின் புரதமாகிய கெரட்டினோடு இறுகப் பிணைந்துகொள்ளும். உள்ளே இருக்கும் மெலனினை அது தொடுவதில்லை. ஆகவே வெள்ளை முடியில் வைத்தால் செம்மஞ்சளாகத் தெரியும். கறுத்த முடியில் வைத்தால் கறுப்பு அப்படியே இருக்கும், வெயிலில் நிற்கும்போது மட்டும் செம்மை மினுங்கும். "மருதோண்டி வெச்சும் என்ட தலை வெளிறல்லியே" என்று ஏமாறுகிற பிள்ளைகளுக்கு இதுதான் விளக்கம். மருதோன்றி நிறத்தைச் சேர்க்கும், குறைக்காது. அவுரி இலையைச் சேர்த்தால் நிறம் இன்னும் இருண்டு கபிலமாகும், ஒருபோதும் வெளிறாது. அது கரைந்து முடிக்குள் ஊறுவதால் மேலே படலமாக நிற்பதில்லை. வுழூவுக்கும் கடமையான குளிப்புக்கும் தண்ணீர் முடியைச் சேர்வதில் அதனால் சிக்கலில்லை என்று உலமாக்கள் சொல்வதும் இதை வைத்துத்தான்.

இந்த அறிவு முழுவதும் வீட்டுப் பெண்களின் கையில் இருந்தது. எந்த இலை முற்றியது, எவ்வளவு நேரம் ஊற வேண்டும், இரும்புச் சட்டியில் கரைத்தால் நிறம் ஏன் கருகுகிறது, சளிக்குணம் உள்ளவருக்கு எவ்வளவு நேரம் வைக்கலாம் என்பதெல்லாம் உம்மாவிடமிருந்து மகளுக்குப் போனது. எழுதப்படவில்லை. ஆனால் என்ன பூசுகிறோம் என்பது பூசுகிறவருக்குத் தெரிந்திருந்தது. இலை கண்முன்னால் பறிக்கப்பட்டது.

கத்தி யார் கையில்?

அக்காலத்தில் சலூன் என்ற இடத்தில் நமக்கு இருந்தவர் ஒஸ்தா. பிள்ளை பிறந்து ஏழாம் நாளிலோ நாற்பதிலோ முடி இறக்க அவர் வருவார். மாப்பிள்ளையின் முகம் வழிப்பார், கத்னாச் செய்வார். அவர் வீட்டுப் பெண் 'ஒஸ்தா மாமி' பிள்ளைப்பேறு பார்ப்பார். ஒருவர் உலகுக்கு வந்தது முதல் கலியாணப் பந்தலுக்குப் போவது வரை அவர் உடலில் கத்தி படும் இடமெல்லாம் இந்தக் குடும்பத்தின் பொறுப்பு. நிறம் மட்டும் அவர்கள் வேலையாக இருக்கவில்லை. களைவது ஒஸ்தாவின் வேலை, சேர்ப்பது வீட்டின் வேலை என்று எழுதாத ஒரு பிரிவு இருந்தது. ஒருமுறை களைந்ததை ஒட்டவைக்க முடியாது. அதனால் அதற்குப் பழகிய கை வேண்டும். சேர்ப்பதில் பிழை வந்தால் மெல்ல மெல்ல மங்கிப்போகும். அதனால் அதை வீட்டில் செய்யலாம். நம் மூத்தோர் இப்படி விளக்கிச் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்களின் நடைமுறையில் இந்த நியாயம் இருந்தது.

ஒஸ்தா என்ற சொல் 'உஸ்தாத்' என்பதன் மரூஉ. மதரஸாவில் ஓதிக்கொடுப்பவரை உஸ்தாத் என்று எழுந்து நின்று மரியாதை செய்கிறோம். அதே சொல்லைத் தாங்கிய தொழிலாளியைத் திண்ணையோடு நிறுத்தினோம். கிழக்கிலங்கையில், குறிப்பாக அக்கரைப்பற்றில், 1969 முதல் கள ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, முஸ்லிம்களிடையே பரம்பரைத் தொழிலாகத் தொடர்ந்த இந்த ஒஸ்தாக்களைப் பற்றியும் அவர்கள் கலியாண உறவில் ஒதுக்கப்பட்டதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். சாதி இல்லை என்று மேடையில் சொல்லும் சமூகம், சம்பந்தம் பேசும்போது "அவங்க ஒஸ்தா வழி" என்று குரலைத் தாழ்த்தியது. வர்த்தகக் குடும்பங்களின் வரலாறும் ஆலிம்களின் வரலாறும் எழுதப்பட்டிருக்கின்றன, அவை தேவையானவை. கத்தியையும் சாணைக்கல்லையும் சுமந்து வீடுவீடாக நடந்தவர்களின் வரலாற்றை நாம் எழுதவில்லை. கத்னா வைத்தியசாலைக்கும் பிரசவம் வாட்டுக்கும் போன பிறகு அவர்களின் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குப் போய்விட்டார்கள். அந்த இழிவிலிருந்து அவர்கள் விலகியது நல்லது. அவர்களோடு ஒரு தொழிலறிவும் போனது நமக்கு இழப்பு.

புட்டியில் வந்த நிறம்

மூன்றாவது நிறம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிரெஞ்சு இரசாயனவியலாளர் தெனார் 1818இல் ஐதரசன் பரவொட்சைட்டைக் கண்டறிந்தார். 1867இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில், அதன் மூன்று சதவீதக் கரைசல் தலைமுடியைப் பொன்னிறமாக்கும் என்று ஒரு மருந்து வியாபாரியும் ஒரு சிகையலங்காரக்காரரும் செய்து காட்டினார்கள். 1907இல் எஜேன் ஷூலர் என்ற இளம் இரசாயனவியலாளர் பாரிஸில் செயற்கைத் தலைச்சாயம் தயாரித்து சலூன்களுக்கு விற்கத் தொடங்கினார். பிற்காலத்தில் லொரியால் என்று உலகம் அறிந்த நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததே. ஆக, புட்டிச் சாயம் பிறந்த நாள் முதல் அதற்கு இரண்டு வாசல்கள் இருந்தன: ஒன்று மருந்துக்கடை, மற்றது சலூன். வீடா சலூனா என்ற கேள்வி அதனோடு கூடவே பிறந்தது.

பொன்னிறத் தலைகளைப் பார்ப்பது துறைமுகத்து மக்களுக்குப் புதிதல்ல. பிரித்தானியக் கடற்படை இங்கே நெடுங்காலம் தளம் வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசுமளவுக்கு இத்துறைமுகம் முக்கியமாக இருந்தது. 1957 ஒக்டோபரில்தான் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அத்தனை காலம் மாலுமிகளைப் பார்த்தும் நம்மவர்கள் தங்கள் தலையை அப்படி மாற்ற நினைத்ததாக எந்த மூத்தவர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை. அது வெள்ளைக்காரன் தலை, நம் தலை அல்ல, அவ்வளவுதான்.

மாற்றம் பிற்பாடு, வேறு வழிகளில் வந்தது. 1970களின் இறுதியிலிருந்து வளைகுடாவுக்கு உழைக்கப் போனவர்கள், அவர்களில் பெண்களும் பலர், திரும்பி வரும்போது பெட்டிகளில் சவர்க்காரம், அத்தர் ஆகியவற்றோடு மருதோன்றித் தூள் பைக்கட்டுகளும் சாயப் புட்டிகளும் கொண்டுவந்தார்கள். இன்னொரு பக்கம், வீடுகளே பெயர்ந்தன. 2004 டிசம்பரில் கடல் கிண்ணியாவுக்குள்ளும் மூதூருக்குள்ளும் ஏறியது. 2006 ஓகஸ்டில் சண்டையின் நடுவே மூதூர் முஸ்லிம்கள் ஊரை விட்டுக் கந்தளாய் நோக்கி நடந்தார்கள். வீடு போனால் கிணற்றடியும் போகும், கிணற்றடிச் செடியும் போகும். முகாமில் அம்மி கிடையாது. இலை இல்லாத இடத்தில் பைக்கட்டு வந்து நின்றது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததும் பாதைப்படகுக்குக் காத்திருந்த காலம் முடிந்தது, டவுன் சலூன் சில நிமிடத் தூரத்துக்கு வந்துவிட்டது. இன்றைய கேள்வி இந்தப் பின்னணியில்தான் கேட்கப்படுகிறது.

வெளிறச் செய்வது எப்படி?

கறுத்த முடியை வெளிறச் செய்ய இரண்டு பொருள்கள் சேர வேண்டும். அமோனியா போன்ற ஒரு காரப்பொருள் முடியை ஊதவைத்துச் செதில்களைத் திறக்கும். பரவொட்சைட்டு உள்ளே நுழைந்து மெலனினைச் சிதைக்கும். இன்னும் வெளிற வேண்டுமென்றால் பேர்சல்பேற்று உப்புகள் உள்ள 'பிளீச்' தூளைச் சேர்ப்பார்கள். பரவொட்சைட்டின் வீரியத்தைச் சலூனில் 'வொல்யூம்' கணக்கில் சொல்வார்கள். 10 வொல்யூம் 3 சதவீதம், 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் தலைமுடிக்கு அனுமதிக்கும் உச்ச அளவும் 12 சதவீதமே.

நம்முடைய முடி கடும் கறுப்பு. அது நேரே பொன்னிறத்துக்குப் போகாது. முதலில் செங்கபிலம், பிறகு செம்மஞ்சள், பிறகு மஞ்சள் என்று படிப்படியாகத்தான் இறங்கும். ஒவ்வொரு படியிலும் முடி தன் பலத்தில் கொஞ்சத்தை இழக்கிறது. தலைத்தோலின் சூட்டினால் அடிமுடி நுனியை விட வேகமாக வெளிறும். அதனால் பழகியவர் நடுமுடியிலும் நுனியிலும் முதலில் பூசி, அடியைக் கடைசியில் தொடுவார். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பூசுகிற பிள்ளை அடியிலிருந்து தொடங்கும். பின்தலை தெரியாது. விளைவு, அடி மஞ்சள், நடு செம்மஞ்சள், நுனி கறுப்பு. அதைத் திருத்த மறுபடி பூசினால் தோல் எரிந்து, முடி நூல் மாதிரி அறும்.

ஏற்கனவே மருதோன்றி வைத்த தலையென்றால் சிக்கல் இன்னும் கூடும். தூய மருதோன்றியின் செம்மஞ்சள் பிளீச்சுக்கும் பிடிவாதமாக நிற்கும். கலப்படத் தூளில் உலோக உப்புகள் இருந்தால் அவை பரவொட்சைட்டோடு சேர்ந்து சூடேறி முடியையே முறிக்கக்கூடும். சலூனில் உட்கார்ந்ததும் "போன வருசம் மருதோண்டி வெச்ச" என்று சொல்லாமல் விடுவது சின்ன மறதி, அதன் விலை பெரிது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர்தான் வளரும். இடுப்பளவு முடியை ஒரு பின்னேரத்தில் கெடுத்துவிட்டால், 60 சென்ரிமீற்றர் மீண்டும் வளர ஐந்து வருடம் வேண்டும்.

இந்த இடத்தில் ஒஸ்தாவுக்கும் வீட்டுக்கும் இருந்த பழைய பிரிவு நினைவுக்கு வருகிறது. வெளிறச் செய்வது களைகிற வேலை. கத்திக்குப் பதிலாகப் பரவொட்சைட்டு, அவ்வளவுதான் வித்தியாசம். களைகிற வேலைக்குப் பழகிய கை வேண்டும் என்ற பழைய நியாயம் இங்கேயும் பொருந்துகிறது.

பைக்கட்டின் மேல் எழுதிய பெயர்

அப்படியானால் வீட்டில் செய்வது ஆபத்து, சலூன் பாதுகாப்பு என்று முடித்துவிடலாமா? முடியாது. வீட்டுக்குள்ளும் சலூனுக்குள்ளும் ஒரே பைக்கட்டுத்தான் போகிறது.

என் ராத்தாவின் மகளுக்கு இது நடந்தது. ஒரு கலியாணத்துக்கு முதல் நாள், 'கறுப்பு மருதோன்றி' என்று எழுதியிருந்த தூளை வீட்டில் கரைத்துத் தலைக்கு வைத்தாள். விடியும்போது கண்ணிமை இரண்டும் வீங்கி மூடிக்கிடந்தது, நெற்றியோரம் முழுக்கக் கொப்புளம். "போன தடவை வெச்சப்ப ஒண்டும் ஆகல்லியே மாமா" என்று அழுதாள். அவள் சொன்னதுதான் விசயம். கலியாணத்துக்குப் பதிலாக வைத்தியசாலைக்குப் போனோம். பைக்கட்டை எடுத்துப் பார்த்தேன். அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்ற விபரம் ஒரு வரியும் இல்லை, இலைப் படம் மட்டும் பச்சையாக இருந்தது.

மருதோன்றி கறுப்பு நிறம் தராது. ஒரு மணித்தியாலத்தில் கறுப்பாகும் 'மருதோன்றி'யில் பெரும்பாலும் இருப்பது பரா-பீனைலீன் டைஅமீன், சுருக்கமாக பி.பி.டி. நிரந்தரச் சாயங்கள் பலவற்றின் அடிப்படைப் பொருள் அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலைமுடிச் சாயத்தில் பூசும் நேரத்தில் 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது, தோலில் நேரடியாகப் பூச அனுமதியே இல்லை. முதல் தடவை உடல் அதை 'அறிந்துகொள்ளும்', ஒன்றும் தெரியாது. அடுத்த தடவைதான் ஒவ்வாமை வெடிக்கும். ஒருமுறை உடல் அதற்குப் பழக்கப்பட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுதும் தொடரும்.

சூடானைப் பாருங்கள். நம்மைப் போலவே மருதோன்றியைக் கலியாணத்தோடும் மார்க்கத்தோடும் சேர்த்து மதிக்கும் நாடு. அங்கே பெண்கள் நிறம் கடுமையாக வரவேண்டுமென்று மருதோன்றியோடு பி.பி.டி. கட்டியைக் கரைத்துக் கலந்தார்கள். அது வாய்வழி உடலுக்குள் போனால் தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும், சிறுநீரகம் செயலிழக்கும். அத்தகைய நச்சுச் சம்பவங்களை 1980களிலேயே மருத்துவ இதழ்கள் பதிவு செய்தன. பாகிஸ்தானில் 'காலா பத்தர்' என்ற பெயரில் விற்கப்படுவதும் இதே பொருள்தான்.

ஒரு சுன்னத்தான செடியின் பெயரை ஓர் இரசாயனம் அணிந்துகொண்டு நம் வீட்டுக்குள் வந்திருக்கிறது. "இது மருதோண்டிதானே, ஒண்டும் செய்யாது" என்ற நம்பிக்கை நம் மூத்தம்மாமார் தந்தது. அவர்கள் நம்பியது தங்கள் கையால் பறித்த இலையை. நாம் நம்புவது அச்சிட்ட படத்தை. தனக்கோ பிறருக்கோ தீங்கு கூடாது என்ற அடிப்படையைச் சொல்லும் ஹதீஸை, கறுப்புச் சாயம் கூடாதென்று எழுதிய அதே இமாம் நவவி தம் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் 32ஆவதாக வைத்திருக்கிறார். நிறம் கறுப்பா சிவப்பா என்று விவாதிக்கிற நாம் இந்தத் தீங்கைப் பற்றியும் பேச வேண்டாமா?

விடை

ஆகவே கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நிறத்தைச் சேர்க்க வேண்டுமென்றால், இலை உங்கள் கண்ணால் பார்த்த இலையென்றால், வீடு போதும். நரைக்குச் சிவப்பும் கறுப்புக்குச் செம்மையும் அதனால் வரும். கறுப்பைக் குறைத்து வெளிறச் செய்ய வேண்டுமென்றால் அது வீட்டு வேலையல்ல. செய்யத்தான் வேண்டுமென்றால் பயின்ற கையிடம் போங்கள். போனால் வாய் திறந்து கேளுங்கள்: என்ன தூள், எத்தனை வொல்யூம், எவ்வளவு நேரம்? 48 மணித்தியாலத்துக்கு முன்னர் காதுக்குப் பின்னால் சிறு பொட்டுத் தடவிப் பார்த்தார்களா, முன்பு வைத்த மருதோன்றியைப் பற்றி உங்களிடம் கேட்டார்களா? கேட்காத சலூனும் பார்க்காத வீடும் ஒன்றுதான்.

சமூகத்துக்கும் சொல்ல ஒன்று உண்டு. இன்று நம் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்வோரில் பலர் வீட்டின் முன்னறையில் தொழில் நடத்தும் இளம் பெண்கள். பிளீச் தூளின் பேர்சல்பேற்றைச் சுவாசித்து ஆஸ்துமாவும், சாயம் தொட்டுத் தொட்டுக் கைத்தோலில் புண்ணும் இந்தத் தொழிலில் இருப்போருக்கு வருகிறவை என்று உலகெங்கும் அறியப்பட்டிருக்கிறது. கையுறை, காற்றோட்டம், முறையான பயிற்சி ஆகியவை அவர்களுக்கு வேண்டும். தொழிற்பயிற்சி அதிகார சபை போன்ற அரச நிறுவனங்கள் சிகையலங்காரத்துக்கு என்.வி.க்யூ. சான்றிதழ்ப் பயிற்சி நடத்துகின்றன. நம் பள்ளிவாசல் நிர்வாகங்களும் மாதர் சங்கங்களும் தையல் வகுப்புக்குக் காட்டும் அக்கறையை இதற்கும் காட்டலாம். "முடி வெட்டுற வேலையா?" என்று முகம் சுளிப்போமென்றால், ஒஸ்தாவுக்குச் செய்ததையே இந்தப் பிள்ளைகளுக்கும் செய்தவர்களாவோம். தொழிலை இழிவாக்கினால் அறிவுள்ளவர் அதிலிருந்து போய்விடுவார், அந்த இடத்துக்குப் பைக்கட்டு வரும். நம் கண்முன்னால் ஒருமுறை நடந்தது அது.

கிண்ணியாவிலும் மூதூரிலும் டவுனிலும் ஒஸ்தா மாமியாக இருந்த மூதாட்டிகள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இலை முற்றியதை விரலால் தடவியே சொல்லக்கூடிய மூத்தம்மாமாரும் இருக்கிறார்கள். கொப்பியோடு அவர்களிடம் போக நம் இளம் ஆய்வாளர்களுக்கு அதிக காலம் இல்லை.